ஒற்றை டிக் எங்கே நிற்கிறது?



சென்ற மாதம் ஏரியூரிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. முத்து முத்தான கையெழுத்து. அட்டையின் விளிம்புவரை இடம் விடாமல் நிரப்பியிருந்தாள். அவள் கேட்டதை அப்படியே தருகிறேன்.

“அய்யா, எங்க அத்தை வீடு பண்ணவாடியில இருக்கு. நாகமரைத் துறையில நின்னா அவங்க பக்கம் தெரியும். எங்க ஊர்ப் பண்டிகை போட்டோவை அத்தைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். காலையில அனுப்பினது சாயங்காலம் வரைக்கும் ஒரே டிக்கோட நின்னுச்சு. அதுக்குள்ள நான் பரிசல்ல போய்க் குடுத்துட்டே வந்திருப்பேன். அந்தப் பகல் பூரா என் போட்டோ எங்க நின்னுக்கிட்டு இருந்துச்சு? தண்ணி மேலயா?”

பொறியியல் படித்தவர்கள்கூட இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. ‘நெட் சுத்துது’ என்று சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்துவிடுவோம். எங்கே சுற்றுகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று இவளுக்குத்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது. ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அவளுக்கு.

அந்தப் பக்கம் போகாதவர்களுக்காக ஒரு சொல். பென்னாகரத்தைத் தாண்டி மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பை நோக்கிப் போனால் ஏரியூர். இன்று அது ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். அங்கிருந்து நெருப்பூர் வழியாக நாகமரைக்குப் போனால் சாலை தண்ணீரில் முடிந்துவிடும். இந்தக் கரை தருமபுரி மாவட்டம், அந்தக் கரையிலுள்ள பண்ணவாடி சேலம் மாவட்டம். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் தேங்கிய நீர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பழைய ஊர்கள் அடியில் கிடக்கின்றன. அணையின் நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். சாலை வழியாக அக்கரைக்குப் போக வேண்டுமானால் மேச்சேரி, மேட்டூர், கொளத்தூர் என்று சுற்ற வேண்டும். அதனால் பரிசலிலும் படகிலும் கடக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிறவர்கள், பைக்குகள், கல்யாண வீட்டார் எல்லாரும் அப்படித்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் துறையில் ஒரு காலைப்பொழுது நின்றிருந்தேன். ஒரு கல்யாணக் கூட்டம் அக்கரைக்குப் போக வந்தது. எல்லாரும் ஒரே பரிசலில் ஏற முடியுமா? பரிசல்காரர் ஆளை எண்ணி எண்ணி ஏற்றினார். மாப்பிள்ளை ஒரு பரிசல், சீர்வரிசைப் பாத்திரங்கள் இன்னொரு பரிசல், மேளக்காரர்கள் மற்றொன்று. முதலில் கிளம்பியது காற்றில் கொஞ்சம் ஒதுங்கிப் போய்ப் பின்னால் கரை சேர்ந்தது. அக்கரையில் இறங்கியதும் ஒரு பெரியவர் தலைகளை எண்ணினார். ஒருவர் குறைந்தார். உடனே போன் போட்டு, “சித்தப்பாவைக் காணோம், அங்கேயே நிக்கிறாரா பாரு” என்றார். சித்தப்பா இக்கரை டீக்கடையில் இருந்தார். அடுத்த பரிசலில் ஏற்றி அனுப்பினார்கள். எல்லாரும் சேர்ந்தபிறகுதான் மேளம் கொட்டி ஊருக்குள் போனார்கள்.

உலகத்திலுள்ள கணினிகளெல்லாம் ஒன்றோடொன்று பேசுவது இப்படித்தான். கம்ப்யூட்டர் நெட்வொர்க் பற்றிப் பிறகு நான் புத்தகங்களில் படித்தபோது எனக்கு முதலில் கண்முன் வந்தது அந்தக் கல்யாணக் கூட்டம்தான்.

பெண்ணே, உன் போட்டோ போனுக்குள் இருக்கும்போதே எண்களாகத்தான் இருக்கிறது. போட்டோ மட்டுமல்ல, எழுத்தும் அப்படித்தான். ‘ஏரியூர்’ என்று நீ தட்டினால் போன் அதை ஏழு துண்டாகப் பார்க்கும்: ஏ, ர, இகரக் குறி, ய, ஊகாரக் குறி, ர, மேலே வைக்கும் புள்ளி. ஒவ்வொன்றையும் இணையத்தில் அனுப்ப மூன்று பைட் வேண்டும். மொத்தம் 21 பைட். ஒரு பைட்டுக்கு எட்டு இலக்கம் (பிட்), ஒவ்வோர் இலக்கமும் சுழியம் அல்லது ஒன்று. உன் ஊரின் பெயர் 168 சுழியங்களும் ஒன்றுகளுமாக வானலையில் போகிறது.

போட்டோ இதைவிட மிகப் பெரியது. இரண்டு லட்சம் பைட் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரே மூட்டையாக யாரும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். வழியிலுள்ள பெரும்பாலான கம்பிகளில் ஒரு தடவைக்கு 1,500 பைட்தான் அளவு. அதிலும் 40 பைட் விலாசத்துக்கும் கணக்குக்கும் போய்விடும். மீதி 1,460-இல் உன் பண்டிகைக் காட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து ஏற்ற வேண்டும். கணக்குப் போட்டுப் பார், 137 பொட்டலம் வரும். ஒன்றில் தேரின் முனை, ஒன்றில் உன் தம்பியின் சட்டை ஓரம். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும், வரிசையில் இதன் இடம் எது என்று எழுதியிருக்கும்.

பொட்டலம் என்று நான் சொல்வதை ஆங்கிலத்தில் பாக்கெட் என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் டொனால்டு டேவிஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. 1965-இல் இந்த யோசனையை அவர் எழுதினார். வேறு மொழிகளுக்கும் எளிதாகப் போய்ச் சேரக்கூடிய ஒரு சொல் வேண்டுமென்று மொழி அறிந்த ஒருவரைக் கலந்தாலோசித்து அந்தச் சொல்லைத் தேர்ந்தாராம். மளிகைக் கடையில் காகிதத்தில் கட்டித் தருகிற பொட்டலம் அவர் மனதில் இருந்ததற்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன். அதே காலத்தில் அமெரிக்காவில் பால் பாரன் என்பவரும் இதே இடத்துக்குத் தனி வழியில் வந்து சேர்ந்திருந்தார். போரில் சில நிலையங்கள் அழிந்தாலும் செய்தி வேறு வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய கவலை.

இதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று உன் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. நான் சிறுவனாக இருந்தபோது வெளியூருக்குப் பேச வேண்டுமானால் ‘ட்ரங்க் கால்’ பதிய வேண்டும். அப்பா காலையில் பதிந்துவிட்டுக் காத்திருப்பார். இணைப்புக் கிடைத்துவிட்டால் அந்தக் கம்பி முழுவதும் அந்த நேரத்துக்கு நமக்கே சொந்தம். மூன்று நிமிடம் ஒரு கணக்கு. நடுவில் பாட்டி அழுதுகொண்டு பேசாமல் நின்றாலும் கம்பி நமக்காகச் சும்மா கிடக்கும். பின்னால் நூறு பேர் காத்திருப்பார்கள். ஒரு பரிசலை இருவர் மட்டும் பிடித்துக்கொண்டு நடு ஆற்றில் நிறுத்திப் பேசுவதைப் போன்றது அது. பொட்டல முறையில் பரிசல் யாருக்கும் சொந்தமில்லை. உன் பொட்டலத்துக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய பரீட்சை முடிவு, அதற்குப் பின்னால் ஒரு மருந்துக் கடையின் கணக்கு, மறுபடி உன் பொட்டலம். கம்பி யாருக்காகவும் சும்மா கிடப்பதில்லை.

சரி, உன் போட்டோவோடு போவோம். நாகமரைக்கு நேரே அக்கரை. ஆனால் உன் போனின் அலை அக்கரைக்குப் போவதில்லை. அது பேசுவது பக்கத்திலுள்ள டவரோடு மட்டும். அத்தையின் போனும் உன் போனும் ஒரே டவரைப் பிடித்திருந்தாலும் இதுதான் நடக்கும். டவரின் மேல் மத்தளம் மாதிரி வட்டமாக ஒன்று கட்டியிருப்பதைப் பார்த்திருப்பாய். அது இன்னொரு டவரிலுள்ள மத்தளத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கிறது. குறுக்கே மலை வந்தால் தெரியாது. அதனால்தான் உங்கள் பக்கத்தில் டவர்களை மேட்டில் தேடித் தேடி வைக்கிறார்கள். அப்படி மேட்டுக்கு மேடு தாண்டியோ, சாலையோரம் புதைத்த கண்ணாடி இழையில் இறங்கியோ பொட்டலம் தருமபுரி, சேலம் என்று பெரிய ஊர்களை நோக்கிப் போகிறது. அங்கிருந்து மாநகரங்கள். அங்கிருந்து வாட்ஸ்அப் நிறுவனத்தின் கணினிகள் இருக்கும் ஊர். அது கடலுக்கு அப்பால் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

கடல் என்றதும் மலைக்க வேண்டாம். 2002-இல் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை கடலடியில் ‘ஐ-டு-ஐ’ என்ற கேபிள் போட்டார்கள். சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். அந்தக் கடலை அது தாண்ட ஆயிரத்தில் பதினாறு பங்கு நொடி போதும். நீ கண் சிமிட்டி முடிப்பதற்குள் பொட்டலம் பலமுறை போய் வந்துவிடலாம். தூரம் இதில் பெரிய தடையே இல்லை. தடையெல்லாம் முதல் சில கிலோமீட்டரிலும் கடைசிச் சில கிலோமீட்டரிலும்தான். ஏரியூரிலும் பண்ணவாடியிலும்தான்.

வழியில் ஒவ்வொரு சந்திப்பிலும் ரௌட்டர் என்றொரு கருவி உட்கார்ந்திருக்கும். இதைப் பற்றிப் பலருக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு. எங்கேயோ ஒரு பெரிய வரைபடம் இருக்கிறது, அதைப் பார்த்து யாரோ முழு வழியையும் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறோம். அப்படி யாரும் இல்லை. பென்னாகரம் பஸ் நிலையத்தில் நின்று, “நாகர்கோவிலுக்கு எப்படிப் போறதுங்க?” என்று கேட்டுப் பார். “மொதல்ல தருமபுரிக்குப் போங்க, அங்க கேட்டுக்குங்க” என்பார்கள். தருமபுரியில் சேலம் பஸ்ஸைக் காட்டுவார்கள். ஒருவருக்கும் முழு வழி தெரிய வேண்டியதில்லை. அடுத்த ஊர் எது என்பது மட்டும் தெரிந்தால் போதும். ரௌட்டருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

அடுத்த ஊரை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? உன் அஞ்சலட்டையிலேயே அதற்கு விடை இருக்கிறது. நம் நாட்டில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ஆம் நாள் வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி வகுத்த முறை. முதல் இலக்கம் 6 என்றால் தமிழகமோ கேரளமோ என்று டெல்லியில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அதற்கு மேல் அவர் பார்க்க வேண்டியதில்லை. முதல் மூன்று இலக்கம் 636 என்றால் சேலம் பக்கம் பிரிக்கும் தபால். தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல், பின்கோடு வருவதற்கு ஏழு ஆண்டு முன்பே. ஆனாலும் தருமபுரிக்கு 636701, சேலத்துக்கு 636001. இந்த எண்ணுக்கு மாவட்ட எல்லை முக்கியமில்லை, தபால் போகிற வழிதான் முக்கியம். கணினிகளின் ஐபி விலாசமும் இதே தத்துவம்தான். விலாசத்தின் முன்பகுதியைப் பார்த்துத் திசை காட்டுவார்கள், பின்பகுதியைக் கடைசியில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

இந்த விலாசத்துக்கு ஒரு தட்டுப்பாடும் வந்தது. பழைய முறையில் மொத்தம் 429 கோடி விலாசங்கள்தான் சாத்தியம். தொடக்கத்தில் அது கடலளவாகத் தெரிந்தது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்புத் தீர்ந்துவிட்டது. இந்தத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கத்தான் வீட்டு வைஃபையில் இருக்கும் போன்களுக்குப் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண் இருக்கும். உன் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அதே எண்கூட இருக்கலாம். எல்லாத் தெருவிலும் கதவு எண் 1 இருக்கிற மாதிரி. வெளியே போகும்போது வீட்டு ரௌட்டர் தன் விலாசத்தைப் போட்டு அனுப்பிவிட்டு, பதில் வந்ததும் யாருக்கு என்று பார்த்து உள்ளே தரும். ஒரே விலாசத்துக்கு வருகிற பொட்டலங்களைப் பிரிக்க இன்னோர் எண்ணும் உண்டு, அதற்குப் பெயர் போர்ட். தமிழில் துறை என்று சொல்லலாம். ஓர் ஊருக்கு நாகமரைத் துறையும் ஒட்டனூர்த் துறையும் இருப்பது போல ஒரு கணினிக்குப் பல துறைகள். இணையப் பக்கம் வந்து இறங்குவது பெரும்பாலும் 443-ஆம் துறையில்.

எண்களை மனிதர்கள் நினைவில் வைக்க முடியாது. ஆகவே பெயரைச் சொன்னால் எண்ணைத் தருகிற ஏற்பாட்டை 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர் அமைத்தார். பெயருக்கும் எண்ணுக்குமான பெரிய பதிவேடு அது. இன்று .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடிகிற முகவரிகள் அந்தப் பதிவேட்டில் இருக்கின்றன. நம் எழுத்து மூன்று நாடுகளின் பெயரில் அங்கே நிற்பது எனக்குப் பெருமை. அந்த முகவரிகளைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவாக இருப்பதில் எனக்கு வருத்தமும் உண்டு.

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

வழியிலுள்ள ரௌட்டர்கள் உன் பொட்டலத்துக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. முடிந்தவரை முயலும். கூட்டம் அதிகமானால் பொட்டலத்தைக் கீழே போட்டுவிடும். போட்டுவிட்டேன் என்று பெரும்பாலும் சொல்லவும் செய்யாது. இவ்வளவு நம்ப முடியாத வழியில் எப்படி ஒரு போட்டோ ஒரு புள்ளி பிசகாமல் போய்ச் சேருகிறது?

காரணம் இரண்டு கரைகள். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் முதலில் பேசி உறுதி செய்துகொள்கிறார்கள். “ஹலோ, கேக்குதா?” என்கிறது ஒன்று. “கேக்குது, நான் பேசறது கேக்குதா?” என்கிறது மற்றது. “கேக்குது” என்கிறது முதலாவது. நாம் போனில் பேசத் தொடங்குகிற இந்த மூன்று வரிதான் டிசிபி என்ற ஒப்பந்தத்தின் முதல் மூன்று பொட்டலம். அதன்பின் எண் போட்ட பொட்டலங்கள் போகும். பெற்றவர் இதுவரை வந்தது என்று திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு நேரம்வரை பதில் வரவில்லையென்றால் அனுப்பியவர் அந்தப் பொட்டலத்தை மறுபடி அனுப்புவார். அக்கரையில் தலை எண்ணிய பெரியவரும், சித்தப்பாவைத் தேடி ஏற்றிவிட்ட இக்கரைக்காரரும் செய்தது இதைத்தான். பரிசல்காரருக்கு யார் சித்தப்பா என்று தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை.

வின்ட் செர்ஃப், பாப் கான் என்ற இருவர் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த ஒப்பந்தத்துக்கு அடித்தளம் இட்டார்கள். 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் என்ற கணினி வலை முழுவதும் இதற்கு மாறியது. அந்த அர்பாநெட்டில் 1969 அக்டோபர் 29 அன்று முதன்முதலாக ஒரு சொல்லை அனுப்பப் பார்த்தபோது இரண்டு எழுத்து போனதும் எதிர்முனைக் கணினி நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் சரிசெய்து மறுபடி அனுப்பினார்கள். விட்ட இடத்தை மறுபடி அனுப்புவது முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

நடுவழியை எளிமையாக வைத்ததில் இன்னொரு பலன் உண்டு. பொட்டலத்தை எது சுமக்கிறது என்று இந்த ஒப்பந்தம் கேட்பதே இல்லை. செம்புக் கம்பி, கண்ணாடி இழை, வானலை, செயற்கைக்கோள் எதுவானாலும் சரி. 2001-இல் நார்வேயின் பெர்கன் நகரத்தில் சிலர் புறாக்களின் காலில் பொட்டலங்களைக் கட்டி அனுப்பியே இதைச் செய்து காட்டினார்கள். ஒன்பது அனுப்பி நான்குக்குப் பதில் வந்தது. உங்கள் பென்னாகரம் தொகுதியிலேயே கோட்டூர் மலைக்கு வாக்கு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறியிருக்கின்றன. சாலை இல்லாத ஊரின் வாக்கும் எண்ணிக்கை மேசைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. சுமப்பது எதுவானாலும் முத்திரையும் எண்ணும் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்பத் தொடங்கினால்? 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில் இது நடந்தது. ஓர் ஆய்வகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே நானூறு கெஜத் தொலைவு. நாகமரைத் துறையின் தண்ணீரைவிடக் குறைவு. நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று 40 பிட்டாக விழுந்தது. உன் ஊர்ப் பெயரை மட்டும் அனுப்பவே நான்கு நொடிக்கு மேல். காரணம் என்ன தெரியுமா? பொட்டலம் தொலைந்ததும் எல்லாரும் அவசர அவசரமாக மறுபடி அனுப்பினார்கள். அதனால் கூட்டம் கூடியது. கூட்டத்தால் இன்னும் தொலைந்தது. இன்னும் அனுப்பினார்கள். ஆடிப் பதினெட்டு அன்று ஆற்றங்கரையில் முன்னால் இருப்பவர் நகரவில்லையென்று பின்னால் இருப்பவர்களெல்லாம் தள்ளினால் என்ன ஆகுமோ அது.

வான் ஜேக்கப்சன் என்ற ஆராய்ச்சியாளர் அதை ஆராய்ந்து 1988-இல் தீர்வை எழுதினார். தீர்வு இதுதான்: பொட்டலம் தொலைந்தால் வழியில் யாரோ நெருக்கடியில் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள். உன் வேகத்தைப் பாதியாகக் குறை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார். இதைச் செய் என்று யாரும் காவல் நின்று கட்டாயப்படுத்துவதில்லை. உலகத்திலுள்ள கோடிக்கணக்கான கணினிகள் தாமாகவே ஒதுங்கி நின்று மற்றவருக்கு வழி விடுகின்றன. இன்று இரவு எட்டு மணிக்கு ஏரியூரில் எல்லாரும் ஒரே டவரில் படம் பார்க்கும்போதும் உன் ஒரு வரிச் செய்தி எப்படியோ நுழைந்து போகிறதே, அந்த ஒழுக்கத்தால்தான். நான் இதைப் படித்த இரவு வெகுநேரம் புத்தகத்தை மூடவில்லை.

இது நம்முடையது இல்லை, எங்கேயோ நடந்தது என்று நினைக்காதே. 1986-இல் எர்நெட் என்ற கல்வி வலையை இந்தியா தொடங்கியபோது அதன் முதல் எட்டு நிறுவனங்களில் சென்னை ஐஐடி ஒன்று. அந்த முயற்சியில் முன்நின்ற சீனிவாசன் ரமணியை 2014-இல் இணையப் புகழரங்கில் சேர்த்தார்கள். பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15-இல் வந்தபோதும் தொடங்கிய நகரங்களில் சென்னை உண்டு. அன்றிலிருந்து ஏரியூருக்கு வந்து சேர எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஊராட்சிதோறும் கண்ணாடி இழை என்ற திட்டத்துக்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் தந்தது. பாரத்நெட் என்ற பெயரில் அது தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் போக வேண்டும். இங்கே இழையைப் பெரும்பாலும் மின்கம்பங்களின் மேலேயே கட்டிக்கொண்டு போகிறார்கள். உன் ஊராட்சி அலுவலகத்துக்குப் போகும்போது கம்பத்தில் மின்கம்பிக்குக் கீழே கறுப்பாக ஒரு கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார். அந்தக் கறுப்புறைக்குள் மயிரிழைக் கண்ணாடி இருக்கிறது. உன் பள்ளிக்கும் துணைச் சுகாதார நிலையத்துக்கும் அது வர வேண்டும் என்று கிராம சபையில் பெரியவர்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். எது எங்கே வரை வந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் கேட்டால் அந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம்.

நான் இவ்வளவும் எழுதுவது அதற்காகத்தான். ‘டவர் எடுக்கல’ என்ற ஒரே சொல்லில் எல்லாப் பழுதையும் போட்டுவிடுகிறோம். சாலை அகலப்படுத்தும்போது ஜேசிபி இழையை வெட்டியிருக்கும். டவர் முழுசாகத் தெரியும், உள்ளே ஒன்றும் வராது. வேறு நாளில் பெயர்ப் பதிவேடு மட்டும் வேலை செய்யாது, அப்போது எல்லாம் செத்த மாதிரித் தெரியும், உண்மையில் வழி திறந்தே இருக்கும். பள்ளியில் ஹைடெக் லேப் இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு ‘பிங்’ என்ற கட்டளையைப் போட்டுப் பார். 1983-இல் எழுதிய சின்ன நிரல் அது. “இருக்கியா?” என்று கேட்டு, “இருக்கேன்” என்று பதில் வர எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று சொல்லும். ‘ட்ரேசர்ட்’ என்ற இன்னொன்று வழியிலுள்ள சந்திப்புகளை ஒவ்வொன்றாக எழுதிக் காட்டும். எங்கே நிற்கிறது என்ற உன் கேள்விக்குக் கருவி கையிலேயே இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு இப்போது நேராகப் பதில். டிக் வருவதற்கு முன் கடிகாரக் குறி தெரிந்தால் போட்டோ இன்னும் உன் போனில்தான். ஒற்றை டிக் வந்துவிட்டால் அது உன் கரையை விட்டுப் போய், வாட்ஸ்அப்பின் கணினியில் பத்திரமாக இறங்கிவிட்டது. உன் பக்கம் வேலை முடிந்தது. அந்தப் பகல் முழுவதும் அத்தையின் போன் அணைந்திருக்கலாம், அல்லது சிக்னல் கிடைக்காத காட்டில் அத்தை வேலையாக இருந்திருக்கலாம். போட்டோ ஒரு குளிரூட்டிய கூடத்தில் பூட்டிய பெட்டியாக அத்தைக்காகக் காத்திருந்தது. முப்பது நாள்வரை காத்திருக்கும். பெட்டியின் சாவி அத்தையின் போனில் மட்டும்தான் இருக்கிறது, 2016-இலிருந்து அந்த ஏற்பாடு. அத்தையின் போன் விழித்ததும் “வந்துவிட்டேன்” என்று சொல்லியிருக்கும், பெட்டி புறப்பட்டிருக்கும், இரண்டாவது டிக் விழுந்திருக்கும். தண்ணீர் மேல் அது நிற்கவே இல்லை, கண்ணு. சுற்றி வந்தது. மேச்சேரி, மேட்டூர், கொளத்தூர் சுற்றுவதைவிடப் பெரிய சுற்று.

அவளுக்கு இதைத் தனியாகவும் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஓர் அஞ்சலட்டையில் அடங்கவில்லை. மூன்று அட்டையாகப் பிரித்து, மூலையில் 1/3, 2/3, 3/3 என்று எண் போட்டேன். வேலையாகச் சேலம், தருமபுரி போக வேண்டியிருந்தது. முதல் அட்டையைக் கிளம்பும் மாலை சென்னையில் போட்டேன். இரண்டாவதை மறுநாள் காலை சேலத்தில். மூன்றாவதைத் தருமபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பெட்டியில். எது எப்போது வந்தது என்று எனக்கு எழுது என்று மூன்றிலும் கேட்டிருந்தேன்.

இந்தப் பக்கம் அச்சுக்குப் போகும் நாளில் பதில் வந்திருக்கிறது. அதே முத்தெழுத்து. “அய்யா, 3 வந்துருச்சு. படிக்காம எடுத்து வெச்சிருக்கேன். 1, 2 வரட்டும்.”